கம்பூட்ஸில் தண்ணீர் புகாமல் காப்பது எப்படி?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மேட்டுப்பாளையம் வட்டாரத்துத் தோட்டங்களில் கால் காய்ந்திருக்கும் நேரம் மிகவும் குறைவு. கல்லாறு, ஓடந்துறைப் பக்கத்துப் பாக்குத் தோப்புகளில் வெயில் தரையைத் தொடுவதே அபூர்வம். மழை விட்டு நாலு நாள் ஆனாலும் மண் சொதசொதவென்றுதான் இருக்கும். சிறுமுகை, லிங்காபுரம் பக்கம் பவானிசாகர் அணை நிறைந்து வரும் ஆண்டுகளில், தேங்கும் தண்ணீர் பின்னால் ஏறி வாழைத் தோட்டங்களுக்குள்ளேயே வந்து நின்றுவிடும். காரமடைப் பக்கத்துக் கறிவேப்பிலைக் காடுகளில் மருந்து அடிக்கிறவர்களுக்கு மழை இல்லாத நாளிலும் முழங்கால் வரை நனைகிறது. இப்படிப்பட்ட இடங்களில் கம்பூட்ஸ் போட்டு வேலை செய்யும் வழக்கம் மெல்லப் பரவி வருகிறது. நல்ல வழக்கந்தான். ஆனால் வாங்கிய பூட்ஸைக் காப்பாற்றும் வழக்கம் அதே வேகத்தில் பரவவில்லை.

பெரும்பாலான தோட்டங்களில் நடப்பது இதுதான். புதிதாக வாங்கிய கம்பூட்ஸ் முதல் மழைக்காலம் முழுவதும் நன்றாக உழைக்கிறது. வேலை முடிந்ததும் சேற்றோடு மோட்டார் கொட்டகையின் வெளிச் சுவரில் சாய்த்து வைக்கப்படுகிறது. கோடை வெயில் முழுவதும் அதன் மேல் விழுகிறது. அடுத்த மழைக்கு எடுத்துப் போட்டால், விரல் மடியும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ‘கொஞ்சந்தானே கசிகிறது’ என்று அதையே போட்டுக்கொண்டு இன்னொரு மழைக்காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். இங்கேதான் கெடுதல் தொடங்குகிறது.

ஓட்டை விழுந்த பூட்ஸ் வெறுங்காலை விடக் கெடுதல். வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர் வரப்பில் ஏறி உட்கார்ந்தால் காற்றுப் பட்டுக் கால் காய்ந்துவிடும். வாய்க்காலில் ஒரு தடவை அலசினால் அழுக்கும் போய்விடும். கசியும் பூட்ஸுக்குள் காலையில் புகுந்த தண்ணீர் மாலை வரை வெளியேறாது. அதில் சேறு இருக்கலாம், சாண நீர் இருக்கலாம், அன்று அடித்த பூச்சிமருந்தும் இருக்கலாம். அத்தனையும் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி எட்டு மணி நேரம் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஊறிய தோல் எதையும் எளிதில் உள்ளே விடும் என்பதை மறக்கக் கூடாது.

காலில் என்ன போகிறது?

சேற்றுப்புண் எல்லாருக்கும் தெரிந்தது. விரலிடுக்கில் வெளுத்து, தோல் உரிந்து, எரிச்சல் எடுக்கும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு ஆற்றிக்கொள்கிறார்கள். மறுநாள் மறுபடியும் ஈரத்திலேயே நின்றால் எந்த மருந்துக்கும் அது ஆறாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைச் சாதாரணமாக எண்ணி இருந்துவிடக் கூடாது. அவர்களுக்கு விரலிடுக்குப் புண் காலையே வாங்கும் அளவுக்குப் போவதுண்டு.

கண்ணுக்குத் தெரியாத கெடுதல்கள் வேறு. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மனிதக் கழிவு கலந்தால் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் அங்கே வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்களை இந்தப் புழு எவ்வளவு வாட்டியது என்றால், 1916-இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே போய் ஒழிப்பு வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. எலிக்காய்ச்சல் இன்னொன்று. எலியின் சிறுநீர் கலந்த தேங்கு நீரில் நிற்கும்போது, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே அந்தக் கிருமி ஏறிவிடும். வெள்ளம் வடிந்த வாழைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்த வேலைக்குப் போய் வந்த சில நாட்களில் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், டாக்டரிடம் ‘தண்ணீரில் நின்று வேலை செய்தேன்’ என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள், கடி பெரும்பாலும் காலில். கண்ணாடி விரியன் வாழைச் சருகுக்குள் படுத்திருந்தால் மிதிக்கிற வரை தெரியாது. முழங்காலுக்குக் கீழ் வரை வரும் தடித்த கம்பூட்ஸ் முழுக் காப்பு என்று சொல்வதற்கில்லை. ஆனால் வெறுங்காலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் சிலருக்கு உயிராகவே அமையும்.

கவலைச் சாலும் பூட்ஸும்

தோல் தண்ணீரில் எப்படி நடந்துகொள்ளும் என்பது கொங்கு நாட்டுக் குடியானவர்களுக்குப் புதிய பாடம் அல்ல. கிணற்றில் கவலை ஓடிய காலத்தில் சாலுக்கு அடியில் தொங்கிய வால், தோலால் ஆனது. நாள் முழுவதும் தண்ணீரில் முங்கி முங்கி எழும். அந்தத் தோலை ஆவாரம்பட்டையில் பதனிட்டு, தைத்து, எண்ணெய் ஊட்டித் தருவதற்கென்றே ஊருக்கு ஊர் தோல் தொழிலாளர்கள் இருந்தார்கள். எண்ணெய் ஊட்டத் தவறினால் வால் விறைத்து வெடித்துவிடும். பண்ணையத்தில் வால் மாற்றும் செலவு ஒரு பெரிய செலவாகவே இருந்தது.

காரணம் இது. ஆவாரம்பட்டை, கடுக்காய், சீகைப்பட்டை முதலியவற்றில் உள்ள துவர்ப்புச் சத்துத்தான் பச்சைத் தோலை அழுகாமல் பதப்படுத்துகிறது. (நீலகிரியில் வளர்ந்த சீகை மரத்துப் பட்டையிலிருந்து இந்தச் சாற்றை எடுக்கும் ஆலை மேட்டுப்பாளையத்திலேயே இயங்கியது.) இந்தத் துவர்ப்புச் சத்து தண்ணீரில் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். அதோடு தோலில் இருந்த கொழுப்பும் போய்விட்டால், காயும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி மரக்கட்டை ஆகிவிடும்.

இதற்கு மாற்றுக் கண்டவர், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பிலிருந்த ஆல்பிரட் சாட்டர்டன். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தவரும் இவரே. 1903 வாக்கில் இவர் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறையை இங்கே பரீட்சித்தார். அவர் கண்ணில் பட்டது சீமைக்குப் போகும் பூட்ஸ் அல்ல. கிணற்றடிக் கவலைச் சால். குரோம் தோல் தண்ணீரில் கிடந்தாலும் அதன் பதம் கரைந்து போகாது. எனவே சால் நீண்ட நாள் உழைக்கும் என்பது அவர் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், கிணற்றுக்கு ஆயில் என்ஜின் பம்பு வைக்கவும் அவரே முன்னின்றார். 1930-களில் பைக்காரா மின்சாரமும் கோயமுத்தூர்ச் சீமைக்கு வந்து சேர்ந்தது. சாலும் வாலும் மெல்ல மெல்லப் பரணுக்குப் போயின. குரோம் தோல் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைக்கு விற்கும் தோல் பூட்ஸ்களில் மேல்தோல் பெரும்பாலும் குரோம் தோல்தான்.

கையிலுள்ள தோல் எந்த வகை என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. செருப்புத் தைக்கிறவரிடம் அதே தோலில் ஒரு சிறு துண்டு வாங்கிக் கொதிக்கும் நீரில் போட வேண்டும். பட்டையில் பதனிட்ட தோல் சுருண்டு சுருங்கிவிடும். குரோம் தோல் அநேகமாக அப்படியே இருக்கும். ஈரமான தோல் செருப்பையோ பூட்ஸையோ அடுப்படியில் வைத்துக் காயவைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது சூட்டுக்கு மிகவும் பயந்தது.

தோல் பூட்ஸுக்கு மெழுகு

காட்டு வேலைக்கும் மலையோரத் தோட்டங்களுக்கும் தோல் பூட்ஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லிலும் முள்ளிலும் அது ரப்பரை விட உழைக்கும்; கால் வேர்வையும் வெளியேறும். ஆனால் எந்தத் தோல் பூட்ஸும் ரப்பரைப் போல முழுக்கத் தண்ணீரைத் தடுக்காது. அதற்கு மேல் எதிர்பார்ப்பது வீண் ஆசை. பனியையும் தூறலையும் நனைந்த புல்லையும் தாங்கினால் போதும்.

தண்ணீர் தோலின் வழியாகப் புகுவதை விடத் தையல் வழியாகப் புகுவதே அதிகம். அடிப்பாகமும் மேல்தோலும் சேரும் ஓரம், முன்புறம் நாக்கு தைத்திருக்கும் இடம், ஆணி அடித்த குதிகால் ஆகிய மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். மெழுகு தேய்க்கிறவர்கள் பளபளப்பாகத் தெரியும் மேல்பாகத்துக்கே நிறையப் பூசிவிட்டுத் தையலை விட்டுவிடுகிறார்கள்.

வீட்டிலேயே மெழுகுப் பசை செய்துகொள்ளலாம். தேன்மெழுகு ஒரு பங்கு, ஆட்டுக் கொழுப்பு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் இரண்டு பங்கு. இவற்றை ஒரு தகர டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். நேரே நெருப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். கலக்கி ஆறவிட்டால் களிம்பு போல உறையும். பசை மிகவும் இறுகிப்போனால் இன்னும் கொஞ்சம் விளக்கெண்ணெய், இளகினால் இன்னும் கொஞ்சம் மெழுகு. தேன்மெழுகு மலையோரத்தில் தேன் எடுப்பவர்களிடமே கிடைக்கும். கடையில் விற்கும் பாரபின் மெழுகை மட்டும் போட்டால் மடியும் இடத்தில் உதிர்ந்துவிடும்.

பூசும் முன் பூட்ஸைத் துலக்க வேண்டும். சேறு காய்ந்த பின் தட்டி உதிர்த்து, ஈரத் துணியால் துடைத்து, நிழலில் ஒரு நாள் காயவிட வேண்டும். யூரியாவோ பொட்டாஷோ போட்ட வயலில் நடந்திருந்தால் நல்ல தண்ணீரில் ஒரு முறை கழுவித்தான் ஆக வேண்டும்; அந்த உப்புத் தோலுக்குள் தங்கினால் வெடிப்பு வரும், கண்ணிகளும் துருப்பிடிக்கும். பிறகு பூட்ஸையும் பசையையும் கொஞ்ச நேரம் இளவெயிலில் வைத்தால் இரண்டும் இளகும். விரலாலேயே தேய்ப்பது நல்லது. தையல் ஓரத்தில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஓர் இரவு ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடலாம். எலி நடமாடும் வீடானால் உயரத்தில் தொங்கவிட வேண்டும். கொழுப்பு மணத்துக்கு எலி பூட்ஸைக் கடித்துவிடும்.

மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பூசினால் போதுமானது. தினமும் எண்ணெய் தடவுகிறவர்கள் தோலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அளவுக்கு மிஞ்சிய எண்ணெய் தோலைத் தொளதொளக்கச் செய்யும், தையல் நூலையும் இளக்கும். சிலர் டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயிலைத் தடவுகிறார்கள். கறுப்பாகப் பளபளக்கும் என்பது உண்மை. ஆனால் அது நூலை அரிக்கும், ரப்பர் அடிப்பாகத்தை உப்பச் செய்யும், கால் தோலுக்கும் ஆகாது.

ரப்பருக்கு எண்ணெய் ஆகாது

தோலுக்குச் சொன்னது எதுவும் கம்பூட்ஸுக்குப் பொருந்தாது. ரப்பர் பூட்ஸ் மங்கிப்போனால் தேங்காயெண்ணெய் தடவிப் பளபளப்பாக்குகிறவர்கள் உண்டு. இரண்டு நாளைக்குப் பார்க்க அழகாக இருக்கும். பிறகு ரப்பர் ஊறி உப்பிப் பிசுபிசுக்கும். மண்ணெண்ணெய், டீசல், கிரீஸ் ஆகியவை அதைவிடப் பகை. புது ரப்பர் பூட்ஸின் மேல் சில நாளில் வெள்ளையாகப் பூத்தது போலத் தெரிந்தால் அது பூஞ்சாளம் அல்ல. உள்ளே கலந்த மெழுகும் மருந்துச் சரக்கும் மேலே வருவதுதான். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

பிரேசில் நாட்டுக் காடுகளில் வாழ்ந்த ஆதிக்குடிகள் ரப்பர் மரத்துப் பாலைக் காலின் மேலேயே பூசிக் காயவைத்துக் காலணியாக்கிக் கொண்டார்கள் என்று சொல்வதுண்டு. ஆனால் பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்கும் என்று கண்ட பிறகுதான் ரப்பர் பூட்ஸ் பிறந்தது. ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் அந்த உரிமையைப் பெற்று 1853-இல் பிரான்ஸில் தொழிற்சாலை வைத்தார். அவர் குறி வைத்தது சேற்றில் மரக்கட்டைச் செருப்போடு உழன்றுகொண்டிருந்த பிரெஞ்சு விவசாயிகளை. ஆங்கிலேயர்கள் கம்பூட்ஸை ‘வெல்லிங்டன்’ என்பார்கள். நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு போட்ட தோல் பூட்ஸின் பெயர் பின்னால் ரப்பருக்கும் ஒட்டிக்கொண்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலேறினால் குன்னூருக்கு அடுத்து வரும் வெல்லிங்டனுக்கும் அதே பிரபுவின் பெயர்தான்.

இன்று கடையில் கம்பூட்ஸ் என்று கேட்டால் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் ரப்பர் அல்ல, பி.வி.சி. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பழுது பார்க்கும்போது வகை தெரியாவிட்டால் செலவு வீணாகும். ரப்பரை இழுத்துவிட்டால் உடனே சுண்டித் திரும்பும். பி.வி.சி. சோம்பலாகத் திரும்பும், மார்கழிக் குளிரில் விறைக்கும், அச்சில் வார்த்த கோடு முன்னும் பின்னும் தெரியும். பலவற்றில் அடிப்பாகத்திலேயே எழுதியும் இருக்கும். பி.வி.சி. எண்ணெய்க்கும் மருந்துக்கும் ரப்பரை விடத் தாங்கும். மடிந்து மடிந்து வெடிப்பதில் ரப்பரை விட முந்திக்கொள்ளும்.

கசிவா, வேர்வையா?

பூட்ஸுக்குள் ஈரம் கண்டவுடன் ஓட்டை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ரப்பரும் பி.வி.சி.யும் தண்ணீரை உள்ளே விடாதது போலவே வேர்வையை வெளியே விடுவதில்லை. உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் போட்டிருந்தால் காலுறை பிழியும் அளவுக்கு நனைந்துவிடும். இதைக் கசிவு என்று எண்ணிப் பூட்ஸையே தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

சோதிப்பது சுலபம். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். பூட்ஸின் வாயைக் காற்றோடு சுருட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் நிறைந்த அண்டாவிலோ தொட்டியிலோ அமுக்க வேண்டும். ஓட்டை இருந்தால் குமிழி வரும். வாய் சுருட்ட முடியாத தடித்த பூட்ஸானால், உள்ளே காய்ந்த செய்தித்தாளைத் திணித்து, வாய் மட்டும் வெளியே இருக்கும்படி அரை மணி நேரம் தண்ணீரில் நிறுத்திவைத்துப் பார்க்கலாம். தாள் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் வழி. அந்த இடத்தைக் காய்ந்த பின் பால்பாயிண்ட் பேனாவால் வட்டமிட்டுக் கொள்ள வேண்டும். காய்ந்துவிட்டால் வெடிப்பு கண்ணுக்கே தெரியாது.

வேர்வைதான் காரணம் என்றால் பருத்திக் காலுறை இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த அரை மணி நேரம் பூட்ஸையும் கழற்றிக் கவிழ்த்துவைத்தால் பிற்பகல் சுகமாக இருக்கும். காலுறை இல்லாமல் கம்பூட்ஸ் போடுவதுதான் சேற்றுப்புண்ணுக்குப் பாதிக் காரணம்.

ஒட்டுப் போடுதல்

ரப்பர் பூட்ஸுக்குச் சைக்கிள் கடையில் விற்கும் பஞ்சர் சொல்யூஷனும் ஒட்டும் போதும். அவசரப்படுகிறவர்களுக்குத்தான் ஒட்டு நிற்காது. வெடிப்பைச் சுற்றி ஓர் அங்குலம் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஒட்டின் ஓரங்களை வட்டமாக வெட்டிக்கொள்வது அவசியம். மூலை இருந்தால் அங்கிருந்து பெயரும். சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகுதான் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே கரைப்பான் தங்கி, கொப்புளம் போல எழும்பும். பூட்ஸுக்குள் ஒரு கட்டையைக் கொடுத்து மேலே கல் வைத்து ஒரு நாள் விட்டுவிட வேண்டும். விரல் மடியும் இடமானால் உள்ளேயும் வெளியேயும் இரண்டு ஒட்டுப் போடுவது நல்லது. கார், லாரி டியூப் வெட்டி ஒட்டுகிறவர்கள் அது பெயர்ந்துவிடுகிறது என்று குறைப்படுவதுண்டு. அந்த டியூப்கள் பெரும்பாலும் பியூட்டைல் என்ற வேறு வகை ரப்பர். சாதாரண சொல்யூஷனோடு அது அவ்வளவாகச் சேராது.

பி.வி.சி. பூட்ஸில் இந்தச் சொல்யூஷன் நிற்காது. தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய்க்கு வாங்கிய பைப் பசை வீட்டில் இருக்கவே இருக்கிறது. அதை எடுத்துப் பூசிவிடுகிறார்கள். அது பி.வி.சி.யைக் கரைத்துப் பிடிக்கும் என்பது சரிதான். ஆனால் விறைப்பான குழாய்க்காகச் செய்த பசை காய்ந்தால் கண்ணாடி போல ஆகிவிடும். அடிப்பாக ஓரம் போல மடியாத இடத்தில் சில நாள் நிற்கும். விரல் மடியும் இடத்தில் பத்து அடி நடந்தாலே விண்டு, பழைய வெடிப்பை இன்னும் நீளமாக்கிவிடும். மடியக்கூடிய பி.வி.சி.க்கென்று வினைல் பசை தனியாக விற்கிறது. ரெக்ஸின், தார்ப்பாய் தைக்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஒட்டுக்கும் பழைய பி.வி.சி. பூட்ஸின் மேல்பாகத்தையே வெட்டிக்கொள்ளலாம். ஆகையால் பழைய ஜோடியைக் குப்பையில் போட வேண்டாம்.

மருந்து அடிக்கும் பூட்ஸ்

பூச்சிமருந்து அடிக்கும்போது தோல் பூட்ஸ், துணி ஷூ இரண்டும் கூடவே கூடாது. தோலும் துணியும் மருந்தைக் குடித்துக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் அது போகாது. போடுகிறவர் ஒவ்வொரு நாளும் கொஞ்சங் கொஞ்சமாக அதைத் தோல் வழியே வாங்கிக்கொள்வார். எண்ணெய் வடிவ மருந்துகளில் உள்ள கரைப்பான் இயற்கை ரப்பரையும் உப்பச் செய்யும். எனவே மருந்து வேலைக்குப் பி.வி.சி. பூட்ஸே ஏற்றது.

கால்சட்டையைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொள்வது பலருக்கும் பழக்கம். மருந்து அடிக்கும்போது அது தலைகீழ் முறை. கால்சட்டை வெளியே, பூட்ஸின் மேல் தொங்க வேண்டும். இல்லாவிட்டால் துணியில் வழியும் மருந்து நேரே பூட்ஸுக்குள் இறங்கித் தங்கிவிடும். வேட்டியை மடித்துக் கட்டி மருந்து அடிக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. வேலை முடிந்ததும் பூட்ஸைக் கழற்றும் முன்பே வெளிப்புறத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் வாய்க்காலிலோ கிணற்றடியிலோ சேரக் கூடாது. உள்ளே மருந்து புகுந்துவிட்ட பூட்ஸின் துணி உள்ளுறை ஊறிப்போயிருந்தால் அதைக் கத்தியால் கீறிவிட்டுப் புதைத்துவிடுவதே புத்திசாலித்தனம். கீறாமல் எறிந்தால் வேறு யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

ஒரு தோட்டத்தில் பூட்ஸ் ஒரு ஜோடிதான் இருக்கிறது. அது தோட்டக்காரர் காலில் இருக்கிறது. மருந்துத் தெளிப்பான் கூலியாள் முதுகில் இருக்கிறது. இது பல இடங்களில் காணக்கூடிய காட்சி. கூலியாள் செருப்புப் போட்டு நடப்பதையே பொறுக்காத காலம் ஒன்று இந்தச் சீமையில் இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது என்றால் பூட்ஸ் கணக்கிலும் அது தெரிய வேண்டும். பெண்கள் நிலைமை இன்னும் மோசம். களையெடுப்பிலும் வாழைக்கு உரம் வைப்பதிலும் சேற்றில் அதிக நேரம் நிற்பவர்கள் அவர்களே. கடையில் அவர்கள் கால் அளவுக்குக் கம்பூட்ஸ் கிடைப்பது அரிதாக இருக்கிறது. பெரிய அளவை வாங்கித் துணி திணித்துப் போட்டால் சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் மேலே வரும். கடைக்காரரிடம் சிறிய அளவை முன்கூட்டியே சொல்லிவைத்து வரவழைப்பதுதான் வழி.

நெல் நடவுச் சேற்றுக்குக் கம்பூட்ஸ் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். அது வாழை, பாக்கு, காய்கறித் தோட்டங்களுக்கும் வரப்பு வேலைக்கும் ஏற்றது. வெள்ளம் ஓடும் பள்ளத்தைக் கம்பூட்ஸோடு கடப்பதும் ஆபத்து. மேல் வாய் வழியாகத் தண்ணீர் நிறைந்துவிட்டால் காலை இழுக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளலாம்; அல்லது தண்ணீர் வடியும் வரை இக்கரையிலேயே இருக்கலாம்.

காயவைப்பதும் எடுத்துவைப்பதும்

நனைந்த பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்று முறை மாற்றினால் ஈரத்தை உறிஞ்சிவிடும். தோலானாலும் ரப்பரானாலும் இது ஒன்றே பொதுவான முறை. பிறகு, முழங்கால் உயரத்துக்கு இரண்டு மூங்கில் முளைகளைச் சாளைத் திண்ணை ஓரத்தில் நட்டு, அவற்றின் மேல் பூட்ஸைக் கவிழ்த்துவைக்க வேண்டும். காற்று உள்ளே போகும். தேளும் பூரானும் குடியேறுவது குறையும். குறையுமே தவிர நின்றுவிடாது. எனவே ஒவ்வொரு நாளும் போடும் முன் தலைகீழாகத் தட்டி உதறித்தான் போட வேண்டும். தவளையைத் தேடி வரும் கட்டுவிரியன் பூட்ஸுக்குள் சுருண்டு கிடப்பதும் உண்டு. விடியற்காலை இருட்டில் மடை திருப்ப ஓடும் அவசரத்திலும் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் போதும்.

கோடையில் பூட்ஸுக்கு வேலை இல்லாதபோது கழுவிக் காயவைத்து, மடிக்காமல், உள்ளே தாள் திணித்து நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். மடித்துச் சாக்கில் கட்டினால் மடிப்பு விழுந்த இடத்திலேயே வெடிக்கும். டீசல் டின், உர மூட்டை, பூச்சிமருந்து ஆகியவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது. பிறகு புரட்டாசி மாதத்தில், மழை தொடங்கும் முன், ஒரு நாள் எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துவிட வேண்டும். குமிழி வந்தால் ஒட்டுப் போட அப்போது வெயில் இருக்கும். ஐப்பசியில் ஒட்டுக் காய்வதற்கு வெயில் கிடைக்காது.